விளக்கு அணையாத சுரங்கம்

வாலு காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்காரவில்லை. ரயில் கிளம்பி, நகரம் பின்னால் போய்விட்ட பிறகும், சீட்டில் முட்டி போட்டு ஜன்னலில் மூக்கை அழுத்துவதும், இறங்கி நடைவழியில் ஒரு நடை போய்வருவதும், திரும்பி வந்து அப்பாவின் தோளை உலுக்கி "சுரங்கம் எப்ப வரும்?" என்று கேட்பதுமாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவாள். முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வயது.

அவள் காத்திருந்தது இருட்டு மாமாவுக்காக.

இருட்டு மாமாவின் கதை ஒரு மிட்டாயில் ஆரம்பித்தது. வாலு கைக்குழந்தை வயதைத் தாண்டியிருந்த சமயம், விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போகிற இதே ரயில் மலைச்சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டியில் விளக்கெல்லாம் அணைந்தது. பழைய பெட்டிகளில் அப்படித்தான். குழந்தை வீறிட்டு அழ, அப்பன் சட்டைப்பையைத் தடவி, அகப்பட்ட மிட்டாயை அதன் கையில் திணித்து, சுரங்கத்துக்குள் இருட்டு மாமா என்று ஒருத்தர் குடியிருக்கிறார், விடுமுறைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுப்பார், வெளிச்சம் என்றால் அவருக்குக் கூச்சம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். அழுகை நின்றது. அடுத்த வருஷம் மிட்டாய் பொம்மையாயிற்று, அதற்கடுத்த வருஷம் கலர் பென்சில் பெட்டி ஆயிற்று. மாமாவுக்குத் தாடி முளைத்தது, ரப்பர் செருப்பு வந்தது, கொஞ்சம் மூட்டுவலியும் வந்தது. அப்பனுக்கு மெத்தைக் கடையில் விற்பனை வேலை. வாங்க வந்தவரை மெத்தையில் படுக்கவைத்து, அவர் எழுந்து போய்விடாதபடி கதை அளப்பதுதான் தொழிலே. அவனுக்கு ஒரு மாமாவை உண்டாக்குவதா பெரிய காரியம்.

அம்மாவுக்கு இது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவள் ரயில்பெட்டிப் பணிமனையில் எலக்ட்ரீஷியன். கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு நடுவாந்தரமாக ஒரு பதில் கிடையாது. இல்லை என்று ஒருத்தி சொல்லி, அது இருந்து தொலைத்தால், கைவைத்தவர் கதி அதோகதிதான். வீட்டிலும் அவள் அப்படியே இருந்தாள். ஊசி வலிக்குமா என்று மகள் கேட்டால் வலிக்கும் என்பாள். நான் வரைந்த குதிரை நன்றாயிருக்கிறதா என்று கேட்டால், குதிரை என்று சொன்ன பிறகுதான் தெரிகிறது என்பாள். இருட்டு மாமா விஷயத்தில் மட்டும், "அப்பாகிட்ட கேளு" என்று இத்தனை வருஷமும் நழுவிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அந்த நழுவலுக்கு முடிவு வந்தது. வகுப்பில் ஒரு பெண், இருட்டு மாமாவாவது ஒண்ணாவது, உங்க அப்பா உனக்குக் காது குத்துறார் என்று கேலி செய்திருக்கிறாள். வாலு அழவுமில்லை, அடிக்கப் போகவுமில்லை. "எங்க அம்மா பொய்யே சொல்ல மாட்டாங்க. இது பொய்யா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பாங்க" என்று சொன்னாளாம். டீச்சர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வாய் திறக்காமல் இருந்ததே சாட்சியாகிவிட்டதே. நாளைக்கு உண்மை தெரிந்தால் அப்பனை வாலு மன்னித்துவிடுவாள். அவன் அளப்பான் என்பது ஊருக்கே தெரியும். அம்மாவின் வார்த்தையைத்தான் அதற்கப்புறம் நம்பமாட்டாள். அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அதனால் கணவனிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். சுரங்கம் வருவதற்குள் நீங்கள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவேன். அவன் சரி சரி என்று தலையாட்டினான். ஆட்டின தலையோடு கடைக்குப் போய்ப் பரிசையும் வாங்கிப் பைக்குள் ஒளித்துவைத்திருந்தான்.

அவளோ காலை ஷிப்ட் முடித்த கையோடு ஓடிவந்து ரயில் ஏறியவள். நீலச் சீருடைச் சட்டையை மாற்றக்கூட நேரமில்லை. அந்தச் சட்டையில் கழுத்துக்குக் கீழே ஒரு பொத்தான் அறுந்துபோய் வெகுநாளாகிறது. தைக்க வேண்டும், தைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஊக்குக் குத்திக்கொண்டு காலத்தை ஓட்டினாள். மடியில் கருவிப்பை. அதைப் பார்சல் பெட்டியில் போட அவளுக்கு மனம் வராது.

எதிர் சீட்டில் ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டை மடித்து வைத்துவிட்டுப் பேப்பரை விரித்தார். வாலு அவரை ஒரு வரி படிக்க விட்டால்தானே. இருட்டு மாமாவின் தாடி, செருப்பு, மூட்டுவலி எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்துவிட்டாள். தொழில்புத்தி யாரை விட்டது, வக்கீல் பேப்பரை மடித்துவிட்டுக் குறுக்கு விசாரணையில் இறங்கினார்.

"நீ அவரைக் கண்ணால பார்த்திருக்கியா?"

"இருட்டுல எப்படி அங்கிள் பார்க்கிறது?"

வக்கீல் மடித்த பேப்பரை மறுபடி கையில் எடுத்தார். வாலு வெற்றிக்களிப்பில் தலைக்கு மேலே கையை நீட்டி, அந்த விளக்கையெல்லாம் பாருங்கள், அது எல்லாமே என் அம்மா போட்டது என்று பெருமையடித்தாள்.

அது சத்தியமான உண்மை. சுரங்கத்து இருட்டில் நடைவழியில் தடுக்கி விழுந்து ஒரு பெரியவர் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதன் பிறகு எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில் பேட்டரி பொருத்த உத்தரவு வந்தது. வருஷம் முழுக்க அவள் பெட்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கம்பி இழுத்தாள். மின்சாரம் நின்றாலும் இனி விளக்கு கண்சிமிட்டக்கூடச் செய்யாது. கேட்பவர்களிடமெல்லாம் அவளே அடக்கமாக, ஆனால் விடாமல், சொல்லிக்கொள்கிற விஷயம்தான் அது.

வக்கீல் நிமிர்ந்து விளக்குகளை ஒரு முறை மரியாதையாகப் பார்த்தார். பிறகு முகவாயைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"அப்படின்னா சுரங்கத்துல இனிமே இருட்டே வராதேம்மா."

வாலுவின் முகம் அப்படியே நின்றுபோயிற்று. அப்பன் மனைவியைப் பார்த்தான். மனைவி விளக்குகளைப் பார்த்தாள். அவளுக்கும் இது அந்த நிமிஷம்தான் உறைத்தது. பணிமனையில் சுரங்கம் என்றால் விளக்கு அணைகிற இடம். வீட்டில் சுரங்கம் என்றால் மாமா குடியிருக்கிற இடம். இரண்டும் ஒரே சுரங்கம் என்று அந்த வருஷம் முழுக்க ஒரு தடவைகூட அவள் புத்தியில் தட்டவில்லை. மாமாவை ஒழிக்க வேண்டும் என்று சதா புலம்பியவள், தன் கையாலேயே அவரை ஒழித்துவிட்டு, அது தெரியாமலே வந்து உட்கார்ந்திருக்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் மகளுடைய முகத்தைப் பார்த்தபோது சந்தோஷப்பட முடியவில்லை.

வாலு சீட்டிலிருந்து இறங்கி நடைவழியில் போனாள். அவள் அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், கணவன் மனைவியின் காதருகே வந்தான். பெட்டிக் கோடியில் ஸ்விட்ச் பெட்டி இருக்கிறதே, அதைத் திறக்க உனக்குத் தெரியாதா, ஒரே ஒரு நிமிஷம் என்று கெஞ்சினான். அவள் முடியவே முடியாது என்றாள். கதவோரத்தில் ஆட்கள் நிற்கிறார்கள், ஒரு கர்ப்பிணிப்பெண் இப்போதுதான் எழுந்து கழிவறைப் பக்கம் போயிருக்கிறாள். ஒரு மிட்டாய்க் கதைக்காக இன்னொருத்தர் இடுப்பை உடைக்க அவள் தயாரில்லை.

அவன் வழக்கமான அளப்பு இல்லாத குரலில் பேசினான்.

"வீட்டுல கரண்ட் போனா மத்த பிள்ளைங்க அழுவுது. நம்ம பொண்ணு கை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, யாராவது ஏதாவது தருவாங்கன்னு. அது அந்தப் பொய் குடுத்ததுதானே?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் அவளுக்குக் கோபம் வந்தது. தைரியம் கொடுத்தது சரி, நம்பிக்கையை எடுத்துக்கொண்டு போனால் யார் ஈடு கட்டுவது என்று சிடுசிடுத்தாள். மலை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் பாறைகள் தெரியத் தொடங்கிவிட்டன. இனி தள்ளிப்போட முடியாது, பிள்ளை வந்ததும் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கினாள். அடுக்கிய வாக்கியமெல்லாம் அடுத்த நொடியே சரிந்தது.

வாலு ஓடிவந்தாள். கன்னமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கியது. போன முகம் வேறு, வந்த முகம் வேறு.

"கண்ணை மூடினா இருட்டுதானே?" என்று எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தாள்.

வெளிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, யாரும் பார்க்காமல் இருந்தால் மாமாவுக்குக் கூச்சம் இருக்காது என்பது அவள் கண்டுபிடித்த சட்டம். அடுத்த நாலு வரிசைகளிலும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டு வந்திருந்தாள். காதில் இயர்போன் மாட்டியிருந்த கல்லூரிப் பையன் முதல் கர்ப்பிணிப்பெண்ணின் மாமியார் வரை அத்தனை பேரும் சம்மதித்துவிட்டார்களாம். வக்கீலை வலது கையைத் தூக்கவைத்து உறுதிமொழி வாங்கினாள். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் சத்தியம் செய்வதைக் கோர்ட்டில் பார்த்த மனுஷர் பயபக்தியோடு தூக்கினார். அப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கடைசியாக அம்மாவிடம் வந்து நின்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெகு அருகில் கொண்டுவந்தாள்.

"அம்மா, நீ பொய் சொல்ல மாட்டல்ல?"

இதோ வந்துவிட்டது என்று அம்மா நினைத்தாள். அவர் இருக்காரா இல்லையா என்று கேட்கப்போகிறாள். கேட்டால் சொல்லியே ஆக வேண்டும்.

"மாட்டேன்" என்றாள்.

"அப்ப, சுரங்கம் தாண்டுற வரைக்கும் கண்ணைத் திறக்க மாட்டேன்னு சொல்லு. மத்தவங்க யாராவது திருட்டுத்தனமா பார்ப்பாங்க. நீ சொன்னா செய்வ."

அவ்வளவுதானா. அம்மா சிரித்துவிட்டாள், சிரிப்பில் கண்கூடக் கலங்கியது. சரி, திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். ரயில் நீளமாக ஊளையிட்டது, சக்கரச் சத்தம் சட்டென்று கனத்துக் காதை அடைத்தது. விளக்குகள் கண்சிமிட்டவில்லை. அதைப் பார்த்து ஒரு கணம் பெருமைப்பட்டுவிட்டுத்தான் அவள் கண்ணை மூடினாள்.

மூடிய இமைக்குள்ளும் அவள் போட்ட வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரு பொடிசு சொன்னதற்காகக் கண்ணை மூடிக்கொண்டிருப்பதை நினைத்தால் வேடிக்கையாக இருந்தது. பக்கத்தில் கணவனுடைய பை சரசரத்தது. ஐயோ, இவ்வளவு சத்தமாகவா திறப்பது என்று பல்லைக் கடித்தாள். பிறகு தன் கருவிப்பையின் மேல் ஏதோ லேசாக விழுந்த மாதிரி இருந்தது. திறந்து பார்க்க வேண்டும்போல இமை துடித்தது. வாக்குக் கொடுத்தாயிற்று. இறுக்கி மூடிக்கொண்டாள். ஏனென்று தெரியாமல் அவளுக்கும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு அடித்துக்கொள்கிற மாதிரி.

பகல் வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் வாலுவின் கூச்சல் பெட்டியை இரண்டாக்கியது. அவள் மடியில் பளபளவென்று ஓர் ஊதல். ரயிலில் கொடுக்க அப்பனுக்கு வேறு பொருளே கிடைக்கவில்லை போலும். அடுத்த நொடி அது ஊதப்பட்டது. கல்லூரிப் பையன் கைதட்டினான், மாமியார் அம்மாள் எட்டிப்பார்த்தார். யார் வைத்தது என்று வாலு கேட்டதற்கு, எனக்கு ஒன்றும் தெரியாது, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று வக்கீல் சுத்தமாகக் கைவிரித்துவிட்டார்.

அந்த அமளியில்தான் அம்மா தன் மடியைப் பார்த்தாள். கருவிப்பையின் மேல் ஒரு குட்டிப் பொட்டலம். இத்தனை வருஷத்தில் அவள் மடிக்கு எதுவுமே வந்ததில்லை. நம்பாதவர்களுக்கு மாமா தரமாட்டார் என்பது சட்டம். கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைவிட அதிகமாக விழித்துக்கொண்டிருந்தான்.

பொட்டலத்தில் சுற்றியிருந்தது அவளுடைய கருவிப்பையிலிருக்கும் கறுப்பு டேப். கத்தரியில் வெட்டாமல் பல்லால் கடித்து அறுத்திருந்தது. கடித்த இடத்தில் இரண்டு பக்கமும் பல் பட்டு, நடுவில் மட்டும் படாமல், நாக்குப் போல நீட்டிக்கொண்டிருந்தது. டேப்பை வாயில் வைக்காதே என்று வாலுவை எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். உள்ளே ஒரு பொத்தான் இருந்தது. பெரிய சிவப்புப் பொத்தான். அவளுடைய நீலச் சட்டைக்கு எந்த விதத்திலும் பொருந்தாதது.

"அம்மா, உனக்குமா?" வாலு கண்ணை அகல விரித்தாள். "நீ நம்ப மாட்டேன்னு உன்னை மட்டும் விட்டுக்கிட்டே இருந்தாரு. இந்தத் தடவை குடுத்துட்டாரு பாத்தியா."

அந்த முகத்தில் துளி திருட்டு முழி இல்லை. மெத்தை விற்கிற அப்பனின் முகம்தான் அவளிடம் அப்படியே இருந்தது. எல்லாம் தெரிந்துதான் வைத்தாளா, மாமா அம்மாவை மறுபடி விட்டுவிடப்போகிறாரே என்ற கவலையில் அவர் வேலையைத் தானே செய்தாளா என்று அம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. அம்மா வாக்குத் தவறமாட்டாள், கண்ணைத் திறக்கமாட்டாள் என்று பிள்ளை மலைபோல நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்தப் பொய்யையே செய்திருக்கிறாள். தான் பயந்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, மகளை அப்படியே வாரி அணைத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

"இப்பவாவது நம்புறியா?" என்று வாலு கேட்டாள்.

நேருக்கு நேர் கேட்ட கேள்வி. "அப்பாகிட்ட கேளு" என்று தள்ளிவிட இதில் வழியில்லை.

"நம்புறேன்டி" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு, சொன்னது பொய்யா என்று தனக்குள்ளே ஒரு முறை சோதித்துப் பார்த்தாள். பொய்யாகத் தோன்றவில்லை. ஊக்கைக் கழற்றி, சிவப்புப் பொத்தானின் துளையில் கோத்து, சட்டையிலேயே குத்திக்கொண்டாள். வக்கீல், பிரமாதமாகப் பொருந்துகிறது என்று கூசாமல் சொன்னார்.

ரயில் அத்தை ஊர்க் கடலோர நிலையத்தில் நின்றது. ஊதல் சத்தம் வழிவிடச் சொல்ல, அப்பனும் மகளும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். அவன் அவளை விடப் பலமாகக் குதித்துக்கொண்டு போனான். அவனுக்கும் இத்தனை வருஷமாக யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை என்பது அம்மாவுக்கு அப்போதுதான் தோன்றியது. அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, நடைமேடைக் கடைப்பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். ஊருக்குத் திரும்பும்போதும் அதே சுரங்கம்தான் வரும்.