ஏழாம் நம்பர் மலையில் ஒரு முன்கதை

காலை ஏழு மணிக்கு அறுபது பெண்கள் ஏழாம் நம்பர் மலையில் நான்காவது தடவையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் தேயிலை நிற்கும் ஒவ்வொரு சரிவுக்கும் மலை என்றுதான் பெயர். இது தொழிற்சாலைக்கு நேர் மேலே நிற்கும் செங்குத்துச் சரிவு. முதல்நாள் மழையில் தண்ணீர் ஓடும் கான்கள் நிரம்பி, மண் வழுக்கியது. கால் விரல்களை மண்ணுக்குள் குத்தி, தேயிலை மரத்தைப் பிடித்து, ஒருத்தியின் குதிகாலை அடுத்தவளின் மூச்சு தொட, ஏறினார்கள். முதுகில் தொங்கிய கூடைகளில் மேலாக ஒரு பிடி கொழுந்து. அடியில் ஈர மணல்.

மணல் என்னுடைய லொறியில் வந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை ஏறியபோது பனி போதவில்லை. இரண்டாம் தடவை பனி கூடிப்போய் ஆட்களைக் காணவில்லை. மூன்றாம் தடவை, முதுகுகள் சரியாக வளையவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முப்பது வருஷமாகக் கொழுந்து சுமக்கும் இராக்கம்மாவுக்கு முதுகு வளைக்கத் தெரியவில்லை என்று சொல்ல, படம் எடுப்பவர் ஒருவர் சென்னையிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தார். அதற்குத்தான் மணல்.

"ஏன் நானா, சோத்துப் பார்சலு மட்டுந்தான் குடுக்கிறதா சொன்னீங்க. மணலும் ஒங்க கடையிலதானா?" என்று என்னைக் கடந்து போகும்போது கேட்டாள்.

"பார்சலோட ஊறுகா குடுக்கிற மாதிரி அக்கா. சும்மா வாறது."

"ஒங்க ஊறுகா இடுப்ப ஒடிக்குது" என்றாள். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நான் பதுளை கடைவீதியில், துணிக்கடைக்குள் வளர்ந்தவன்; நானா என்றால் எங்கள் முஸ்லிம் ஆட்களிடையே அண்ணன். துணியை விரிக்குமுன் வந்தவரின் செருப்பைப் பார்த்து விலை சொல்லும் கூட்டம் எங்களுடையது. இரண்டாயிரத்து நாலில் சண்டை ஓய்ந்திருந்ததால் நமுனுகுல மலையடிவாரத்து ஆனைப்பாறைத் தோட்டத்துக்கு ஒரு படக் கம்பெனி வந்தது. சாப்பாடும் லொறியும் நானே தருகிறேன் என்று பேரம் பேசிப் பிடித்தேன். அதோடு சின்னச் சின்னச் செய்தி சொல்லும் வேலையும் ஒட்டிக்கொண்டது. ஊறுகாய் மாதிரி.

படம் முகில்வீரன் கதை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் புத்தகத் தட்டியில் கயிற்றில் தொங்கிய சித்திரக்கதைப் புத்தகம்தான். முகமூடி போட்ட ஆள், மேகத்தை மிதித்துக்கொண்டு பறப்பார், கெட்டவர்களை மலையுச்சியில் கொண்டுபோய் வைப்பார். அதைப் படமாக எடுத்து நன்றாக ஓடியதாம். இப்போது எடுப்பது அதற்கு முந்திய கதை: அவர் முகில்வீரன் ஆவதற்கு முன்னால் யார்? தேயிலைத் தோட்டத்து ஆள். கொழுந்துச் சாக்குகளைக் கம்பியில் மாட்டி மேலிருந்து தொழிற்சாலைக்கு இறக்கிவிடும் வேலை. ஒருநாள் கம்பியோடு விழுகிறார், முகில் அவரைத் தாங்கிப் பிடிக்கிறது, சக்தி வருகிறது.

கம்பெனியின் வேலைகளைப் பார்த்துக்கொண்ட மதுரன், கொழும்பில் குடியேறிய யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இதைப் பெண்களுக்கு விளங்கப்படுத்தினார். "இது முன்கதை, அக்கா. இதில அவருக்கு இன்னும் சக்தி வரேல்ல. விளங்குதோ?"

"நல்லா வெளங்குதுங்க" என்றாள் இராக்கம்மா. "எங்களுக்கும் இன்னும் வரல."

அந்தச் செவ்வாய்க்கிழமை பெரட்டு நடக்கவில்லை. பெரட்டு என்றால், காலை ஆறு மணிக்கு எல்லோரும் களத்தில் கூடி, கங்காணி பேர் கூப்பிட்டுக் குறித்து, இன்ன மலைக்குப் போ என்று அனுப்புவது. அதில் பேர் விழாவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் தோட்டத்தில் இல்லை. ஆனால் கம்பெனிக்கு விடிகிற நேரத்து வெளிச்சம் வேண்டும். தோட்டத்தை நடத்தும் தொரை சரி என்றார். முந்தின நாள் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய், "நாளைக்குப் பெரட்டுக்குப் போக வேணாம், நேரா ஏழாம் நம்பருக்கு வாங்க" என்று சொன்னது நான்தான். இரண்டு தலைமுறையாக விலை பேசும் குடும்பத்தில் பிறந்தும், என்ன விற்கிறோம் என்று பாராமல் விற்றேன்.

ஒன்பது மணிக்குக் கம்பிக் காட்சி. அந்தக் கம்பி ஓய்ந்து ஆறு வருஷம். கதாநாயகனுக்குப் பதிலாகக் கம்பியில் ஏறச் சென்னையிலிருந்து வந்த சண்டைக்காரர் கப்பியைச் சுற்றிப் பார்த்தார், துருவை நகத்தால் சுரண்டினார், சோதிக்காமல் ஏறமாட்டேன் என்று போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்காரலாம். அவருக்குச் சங்கம் இருக்கிறது.

"தோட்டத்து ஆள் ஒருத்தன் போதும். முகத்தை லேஞ்சியால மூடினா ஆர் எண்டு தெரியவே போகுது?" என்றார் மதுரன். அந்தக் காலத்தில் கம்பியில் சாக்கு மாட்டிய சின்னராசாவைத் தொரையே கைகாட்டினார். இராக்கம்மாவின் தம்பி. கதாநாயகனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் பெண்சாதி கலாராணியைப் பார்த்துக் கையை விரித்துப் பறப்பதுபோலக் காட்டினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

முப்பது அடி போனதும் கப்பி சிக்கியது. கொக்கி விட்டது. முகில் இருந்தது, நிறையவே இருந்தது. அது யாரையும் தாங்கிப் பிடிக்கவில்லை. கற்கானுக்குள் விழுந்த சத்தம் ஈரச் சாக்கு விழுந்த சத்தம்தான். இடுப்பெலும்பு.

என் லொறியில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இராக்கம்மா அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். வழியில் அவன் ஒன்றுதான் கேட்டான்: "அக்கா, சட்ட கிழிஞ்சிருச்சா? அவங்க ஏசுவாங்களே."

மறுநாள் பெண்கள் தொரையின் ஒப்பீசுக்குப் போனார்கள். அவர்கள் கேட்டது ஒரு கடிதம். சின்னராசா வேலையில் விழுந்தான் என்று இரண்டு வரி. அது இல்லாவிட்டால் விபத்துச் சட்டப்படி எதுவும் கிடையாது. அவன் எழும்பி நடக்காவிட்டால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் அவன் பேரில் நிற்காது.

தொரை பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். "செவ்வாய்க்கிழமை பெரட்டு இல்லை. அவன் பேர் இல்லை. பேர் இல்லாதவன் எப்படி வேலையில் விழுவான்?"

"அப்ப நாங்க அறுவது பேரும் அன்னிக்கு எங்கங்க இருந்தோம்?"

"அதைக் கம்பெனியிடம் கேள்."

கம்பெனியிடம் கேட்டார்கள். மதுரன் கைகளை விரித்தார். "இஞ்ச பாருங்கோ, எங்கட பட்டியலிலயும் அவற்ற பேர் இல்ல. அவர் தானா ஏறினவர். பாவம்தான். பழம் வாங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிறம்."

"எந்தம்பிக்குப் பழம் வேணாங்க. நெஜம் வேணும்."

இரண்டு கடைக்கும் நடுவே வாடிக்கையாளரை நடக்கவிடுவது எங்கள் கடைவீதியிலும் உண்டு. செருப்புத் தேய்ந்ததும் சொன்ன விலைக்கு வாங்குவார். பெண்கள் இரண்டு நடை நடந்தார்கள். மூன்றாவது நடைக்கு ஒப்பீசுக் கதவு பூட்டியிருந்தது.

அன்று பின்னேரம் மதுரன் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். சின்னராசா யாரும் சொல்லாமல் தானாகவே கம்பியில் ஏறியதை ஸலீமாகிய நான் கண்டேன். கீழே என் கையெழுத்துக்கு இடம். "அடுத்த படத்துக்கும் சாப்பாடு நீர்தான்" என்றார். வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை. என் கை பையிலேயே இருந்தது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே இராக்கம்மா உட்கார்ந்திருந்தாள். ஒப்பீசுக்கு நடந்த நடைகளுக்கு நடுவே வேறு மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்திருந்தாள், விரல்கள் கறுத்திருந்தன. பக்கத்தில் பொன்னையா கங்காணி, குடையை ஊன்றிக்கொண்டு, எப்போதும்போல யாருடைய முகத்தையும் பாராமல் நின்றார்.

"ஏழாம் நம்பரு முத்திப்போயி நிக்குது" என்றாள் இராக்கம்மா. "கை வைக்கக் கூடாதாம். ஏன் நானா?"

"அது கெமராக் கணக்கு அக்கா. கதாநாயகன் கம்பிக்கு ஓடிவாறதப் பாதி எடுத்திட்டாங்க. மீதி நாளைக்கு. செவ்வாய்க்கெழம தேயில எந்த ஒசரத்துல நின்டிச்சோ அதே ஒசரத்துல நிக்கணும். ஒரு கொப்புக் கொறஞ்சாலும் ரெண்டு துண்டும் ஒட்டாது. அந்தாளு சனிக்கெழம பிளேன் ஏறணும். மதுரன் தம்பி தேயிலயக் கும்பிடாத கொறையாச் சுத்துறாரு."

புகாராகத்தான் சொன்னேன். அவசரப்படுகிறவன் பேரத்தில் தோற்பான் என்று எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்த விளக்கு அன்று என் தலையில் எரியவில்லை. அவள் தலையில் எரிந்தது. மடியிலிருந்த மட்டக்கம்பை, கொழுந்தெடுக்கும் மட்டம் பார்க்க மரத்தின்மேல் வைக்கும் அந்த மெல்லிய கம்பை, எடுத்துப் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு வருவாங்க?"

"பண்டாரவளையில இருந்து வரணும். பத்தாகும்."

"பத்து" என்றாள், கங்காணியைப் பார்த்து. அவர் குடையை மாற்றிப் பிடித்தார். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வியாழன் காலை நான் பார்சலோடு போனபோது ஏழாம் நம்பர் மலை முழுக்கக் கைகள். அறுபது பேர், நிரைக்கு ஒருத்தி. கூடையில்லை, சொந்தச் சாக்குகள். பேச்சில்லை. மட்டக்கம்பு மரத்தில் படும், இரண்டு கையும் முன்னால் பாயும், முத்தின தண்டு சடக்கென்று ஒடியும், பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் சாக்குக்குள் விழும். கம்பு நகரும். கெமரா பார்க்கும் சரிவு முழுக்க, ஒருவாரத் தாடியை மழித்ததுபோல, மட்டமாக, பழுப்பாக வந்துகொண்டிருந்தது. வேலையை நிறுத்திப் போராடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை செய்து போராடியதை அன்றுதான் கண்டேன்.

பத்து மணிக்குத் தொரையின் ஜீப்பும் மதுரனின் வேனும் ஒன்றாக வந்தன. மதுரன் இறங்கி மலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ. எல்லாம் மொட்டை."

தொரைதான் கத்தினார். "யார் சொன்னது இந்த மலைக்குப் போகச் சொல்லி?"

இராக்கம்மா சாக்கை இறக்கி வைத்தாள். "யாரும் சொல்லலீங்க தொரை. நாங்களாத்தான் ஏறுனோம். எந்தம்பி தானாக் கம்பியில ஏறுன மாதிரி."

"விளையாடுறியா?"

"போன மாசம் ஆறாம் நம்பருல கொழுந்த முத்த விட்டோம்னு எங்கள ஏசுனீங்க. இன்னிக்கு மேல முத்த விடாம எடுத்தோம். அதுவும் குத்தமா? எந்தக் குத்தம்னு ஒண்ணச் சொல்லுங்க, அதச் செய்யாம இருக்கோம்."

மதுரன் எழுந்து வந்தார். குரல் கெஞ்சலுக்கு இறங்கியிருந்தது. "அக்கா, இது எத்தினை நாளில பழையபடி வரும்?"

"துளிருக்கு ஏழெட்டு நாளு. நீங்க எடுத்த ஒசரத்துக்கு மூணு கெழம, இருவத்தொரு நாளு."

"மூண்டு கிழமையோ! ஆள் சனிக்கிழமை போகுது!"

"எந்தம்பி எங்கயும் போகலீங்க. கட்டில்லதான் கெடக்கிறான்."

மதுரன் என்பக்கம் திரும்பினார். "ஸலீம், நீர் சொல்லும். நீர் கண்டனீர்தானே, அவர் தானா ஏறினது!"

என் கை பைக்குள் இருந்தது. தாள் வியர்வையில் நனைந்திருந்தது. அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். கலாராணி மட்டும் நிலத்தைப் பார்த்தாள். அவள் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பெரட்டுக்குப் போக வேணாம்டு லயத்துக்கு வந்து சொன்னது நான்" என்றேன். "சொல்லச் சொன்னது நீங்க, தம்பி. கம்பிக்கு ஆளக் கைகாட்டினது தொரை. நான் கண்டது அதுதான். அத எழுதித் தாறேன்." தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அடுத்த படத்துச் சாப்பாடு அத்தோடு போயிற்று. எங்கள் வாப்பா கேட்டிருந்தால் ஒருவாரம் பேசியிருக்கமாட்டார்.

"இவனுடைய எழுத்தை யார் நம்புவான்?" என்றார் தொரை. "கங்காணி! இன்றைக்கு இந்த மலையில் நின்ற ஆள் அத்தனை பேரையும் வாசி. ஒவ்வொரு ஆளையும் நிறுத்துறேன்."

பொன்னையா கங்காணி சட்டைக்குள்ளிருந்து தன் சின்னக் கொப்பியை எடுத்தார். எச்சில் தொட்டுத் தாளைத் திருப்பினார். திருப்பிய தாள் இன்றையது அல்ல.

"செவ்வாக்கெழம" என்று வாசித்தார். "ஏழாம் நம்பரு. இராக்கம்மா. பெரியாயி. கலாராணி..."

"செவ்வாய்க்கிழமை பெரட்டு இல்லையே?"

"இல்லீங்க தொரை. ஆனா ஆளு மல ஏறுறத பாத்துக்கிட்டுப் பேரு எழுதாம நிக்க எனக்குக் கை வரலீங்க. முப்பத்தொரு வருசமா எழுதுற கை." அவர் தலையை நிமிர்த்தாமலே விரலை வரிகளின்மேல் இறக்கினார். ஒவ்வொரு பேராக, அவசரமில்லாமல், பெரட்டுக் களத்தில் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டார். கடைசிக்கு வந்தார். "சின்னராசா. கம்பி வேல. தொரை சொல்லி ஏறுனது. ஒம்போது மணிக்கு விழுந்துட்டாரு."

தொரை கையை நீட்டினார். "கொப்பியைக் கொடு."

முப்பத்தொரு வருஷம் கேட்டபோதெல்லாம் கொடுத்த கை அது. தானாகவே முன்னால் போயிற்று. பாதி வழியில் இராக்கம்மா கொப்பியை வாங்கினாள். பின்னால் நின்றவளிடம் கொடுத்தாள். அவள் அடுத்தவளிடம். நிரையோடு மேலே போய், எங்கேயோ ஓரிடத்தில், கொழுந்துக்குள் போயிற்று. அறுபது சாக்குகள், அறுபதும் ஒரே மாதிரி, அறுபதையும் பிடித்துக்கொண்டு அறுபது பேர்.

தொரை ஜீப்பில் ஏறினார். பொலிசுக்குச் சொல்கிறேன் என்றார், கொழும்புக்குச் சொல்கிறேன் என்றார். மதுரன் வேனுக்குப் பக்கத்தில் நின்று தொலைபேசியில் யாருக்கோ, "ஒரு கடிதம்தான் கேக்கினம் சேர், ரெண்டு வரி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கடிதம் அன்று வரவில்லை.

கம்பெனிக்குக் கொண்டுவந்த பார்சல்களை மலையடியில் இறக்கினேன். "ஊறுகா இருக்கா நானா?" என்று கேட்டாள் இராக்கம்மா. இருக்கிறது என்றேன். இப்போது சிரித்தாள். பொன்னையா கங்காணி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெண்களுக்கு நடுவில், குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பெரியாயி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

கலாராணி ஒடித்த தண்டொன்றின் நுனியைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். "மூணு கெழமைக்குள்ள எழுதிக் குடுத்துருவாங்களா மயினி?"

இராக்கம்மா மட்டக்கம்பை மண்ணில் ஊன்றி எழுந்தாள்.

"குடுக்கலன்னா என்ன? வளரத்தானே போகுது. மறுபடி எடுப்போம்."