கூடாரத்துக்குப் பால் காய்ச்சினார்கள்

கல்பனாவுக்குக் கிராம் பைத்தியம். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டில் தையல் மெஷின்கள் ஆறு, துணி வெட்டும் மேசை ஒன்று, அதன் மேல் மளிகைக் கடைத் தராசு ஒன்று. ஜிப் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக்கூட வெட்டித் தராசில் போட்டுப் பார்ப்பாள். மலையேறுகிறவன் முதுகில் சுமக்கப்போகும் கூடாரம், ஒவ்வொரு கிராமும் அவன் மூச்சு என்பாள். அவள் ஏறிய ஒரே மலை செஞ்சிக் கோட்டை, அதிலும் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்பதை மெஷின் தைக்கும் இளவரசி புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவாள்.

பன்னிரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் போட்டு வெளிநாட்டு முதுகுப்பை தைத்தவள் கல்பனா. தைத்தது அவள், பையில் இருந்த பேர் யாருடையதோ. அந்த வயிற்றெரிச்சலில்தான் தனியாக வந்தாள். பைக் சீட் கவர், பந்தல் துணி என்று கிடைத்ததைத் தைத்து ஷெட்டை ஓட்டிக்கொண்டே, மூன்று தடவை பிரித்துத் தைத்து, பனிமலைக்கான இரண்டு பேர் கூடாரம் ஒன்றைச் செய்து முடித்திருந்தாள். 'தென்றல்' என்று பேரும் வைத்தாயிற்று. புயலுக்குத் தைத்துவிட்டுத் தென்றல் என்று பேர் வைக்கிறவளை என்ன சொல்வது?

அதைப் பார்க்க பெங்களூரிலிருந்து அரிகரன் வருவதாக இருந்தது. சேலத்துக்காரர். வருஷம் முழுக்க இமயமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போவதுதான் அவருக்குத் தொழில். "பிடிச்சிருந்தா அடுத்த மாசமே மலைக்கு எடுத்துட்டுப் போறேன். அங்க நின்னுச்சுன்னா இனிமே என் டென்ட் எல்லாம் உங்ககிட்டதான். பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்" என்று போனில் சொல்லியிருந்தார். அவர் வேண்டாம் என்றால் மறுபடி சீட் கவர்தான். நாலாவது தடவை பிரித்துத் தைக்கத் தன் மனசில் தெம்பில்லை என்பது கல்பனாவுக்கு மட்டும் தெரியும்.

அவர் வருவதற்கு முதல் நாள்தான் கலியம்மாள் அந்தப் பேச்சை எடுத்தாள். வெட்டும் மேசைக்கு அவள்தான் ராணி. வீட்டில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிற வில்லியனூர்க்காரி.

"புது வூடு. பால் காய்ச்சாம ஆள உள்ள வுடலாமா?"

"இது வூடு இல்லக்கா. டென்ட்."

"உள்ள படுத்துத் தூங்கப் போறானா இல்லியா?"

"தூங்குவான்."

"அப்ப வூடுதான்."

"நைலான் துணிக்கா. அடுப்பப் பத்த வெச்சா பொசுங்கிடும். யாரும் நெருப்போட கிட்ட வரக்கூடாது, சொல்லிட்டன்."

கலியம்மாள் பதில் பேசாமல் கத்தரியை எடுத்துக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை. ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் முதலாளிக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த திடலில் கூடாரத்தை நட்டுவிட்டு, வில்லியனூர் ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டரில் போனாள் கல்பனா. ரயில் முக்கால் மணி நேரம் லேட். அரிகரன் ஆறடி ஆள், அவர் பையும் கிட்டத்தட்ட அதே உயரம். இருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு சாமியை வேண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

திடலில் ஐந்து பெண்கள் கூடாரத்தை மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எல்லோரும் தலைக்குக் குளித்திருந்தார்கள். எல்லோர் தலையிலும் பூ.

"பால் வாசனை வருதே" என்றார் அரிகரன்.

"முதல்ல பால் சாப்பிடுங்க சார்" என்று இளவரசி ஒரு டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். கல்பனா பெண்களை விலக்கிவிட்டுக் கூடாரத்துக்குள் தலையை நுழைத்தாள்.

தரைத்துணி நடுவில் தட்டு அளவுக்கு வட்டமாக ஓட்டை. அதற்குள் மண் தெரிந்தது.

"பலக மேலதாம்மா அடுப்ப வெச்சன்" என்று கலியம்மாள் தானாகவே ஆரம்பித்தாள். "ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் பொங்கிச்சு. ஒன் வண்டி சத்தம் கேட்டுச்சா, பதட்டத்துல சொம்ப எறக்கித் தரையில வெச்சிட்டன். எடுத்தா துணியும் கூடவே வந்துடுச்சு."

 இரண்டு வருஷ உழைப்பு. ஒரு சொம்புப் பால். அந்தச் சொம்பைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது கல்பனாவுக்கு.

அரிகரன் கூடாரத்தைச் சுற்றி வந்தார். கயிறுகளை இழுத்துப் பார்த்தார், கம்பியை வளைத்துப் பார்த்தார், தையலில் நகத்தை ஓட்டினார். அப்புறம் உள்ளே போய் மல்லாந்து படுத்து, ஓட்டைக்குள் கையை விட்டு மண்ணைக் கிள்ளினார்.

"அடுப்ப எங்கம்மா வெச்சீங்க?"

"நடு வூட்லதான். வேற எங்க வெக்கிறது?" ஓட்டைக்குக் காரணமானவள் என்ற கூச்சமே கலியம்மாளிடம் இல்லை. "இந்த வூட்ல அடுப்படி எங்க இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க சார். வாசல்லயும் மேல ஒரு மறப்பு இல்ல. கால வெளிய வெச்சா வானம்."

அரிகரன் எழுந்து உட்கார்ந்து கல்பனாவைப் பார்த்தார்.

"இதைத்தான் நானும் கேட்கணும்னு இருந்தேன். மேல ரெண்டு நாள் விடாம பனி கொட்டும். வெளிய அடுப்பு நிக்காது. உள்ள பத்த வெச்சா ஓட்டை விழறது பெரிசில்ல, காத்து இல்லாம ஆளே போயிடுவான். வாசலுக்கு முன்னால ஒரு கூரை வேணும். கீழ தரை இல்லாம, காத்து போய்வர்ற மாதிரி. நீங்க ஏன் வெக்கல?"

வைத்திருந்தாள். முதல் தடவை தைத்தபோது வாசலுக்கு முன்னால் கூரை இருந்தது. இருநூற்று அறுபது கிராம். வெளிநாட்டுக் கூடாரத்தைவிடத் தன்னுடையது லேசு என்று சொல்லிக்கொள்ள வேண்டுமே என்று அவளேதான் வெட்டி எறிந்தாள்.

"எடைக்காக எடுத்துட்டன்" என்றாள். 

"கால் கிலோ கூடச் சுமக்க என் ஆளுக்குத் தெம்பு இருக்கு. சூடா ஒரு டீ கிடைக்கலன்னாதான் தெம்பு போயிடும்." எழுந்து பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "தையல் பிரமாதம். ஆனா இப்படியே எடுத்துட்டுப் போக முடியாதுங்க."

சொன்னபடியே மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டார். கலியம்மாளைத் திட்ட வாயெடுத்த கல்பனாவுக்குத் திட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. ஓட்டை போட்டது சொம்புதான், ஆனால் அந்த அடுப்பை நடு வீட்டுக்கு அனுப்பியது அவளுடைய தராசு. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்த பிறகு ஏனோ கொஞ்சம் தெம்பும் வந்தது.

"உங்களுக்கு பஸ் எத்தன மணிக்கு சார்?"

"எட்டு மணிக்கு, பாண்டியிலேர்ந்து."

"அஞ்சு மணி வரைக்கும் இருங்க."

அப்போது மணி பதினொன்றரை. பழைய கூரையின் காகித அளவைத் தேடி கல்பனா அலமாரியைக் கலைத்தாள், கிடைக்கவில்லை. கோபத்தில் கிழித்துப் போட்டிருப்பாள். கலியம்மாள் மேசைக்கு அடியில் குனிந்து, தன் சாப்பாட்டுக் கூடைக்குக் கீழே விரித்திருந்த காகிதத்தை உருவி எடுத்தாள். குழம்புக் கறை இருந்தது, அளவு அழியவில்லை.

"தூக்கிப் போட்டியேன்னு எடுத்து வெச்சன். ஒனக்கு எப்பனாச்சும் புத்தி வரும்னு தெரியும்" என்றாள்.

அப்புறம் அந்த ஷெட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. கலியம்மாள் வெட்ட, இளவரசி தைக்க, தையல் வழியே தண்ணீர் இறங்காமலிருக்க மற்றவர்கள் டேப் ஒட்டினார்கள். தரை ஓட்டைக்குக் கல்பனாவே வட்டமாக ஒட்டுப் போட்டாள். சும்மா நின்ற அரிகரனிடம் துணியின் ஒரு முனையைக் கொடுத்து, "ஆடாம புடிங்க சார்" என்றாள் கலியம்மாள். இமயமலைக்கு வழிகாட்டுகிறவர் ஒரு மணி நேரம் ஆடாமல் பிடித்தார். நடுவில் அவளுடைய கருவாட்டுக் குழம்பு சோற்றை நின்றுகொண்டே தின்று முடித்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

நாலே முக்காலுக்குக் கூரை முடிந்தது. இளவரசி பழக்கத்தில் அதைத் தராசுப் பக்கம் கொண்டுபோனாள். கல்பனா நடுவழியில் வாங்கிக்கொண்டு நேரே திடலுக்கு நடந்தாள்.

நட்டார்கள். பக்கத்து ஷெட் மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் நாலு பக்கமும் அடித்தார்கள். அரிகரன் உள்ளே, ஒட்டுப் போட்ட இடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து திரும்பி நின்று, பேன்ட் நனைந்திருக்கிறதா என்று பெண்களையே பார்க்கச் சொன்னார். நனையவில்லை.

கலியம்மாள் வாய் திறக்கவில்லை. கல்பனாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். இந்தத் தடவை முதலாளிக்குப் பிடிபட்டது. கல்பனா போய் அடுப்பை எடுத்து வந்து புதுக் கூரைக்குக் கீழே வெறும் மண்ணில் வைத்தாள். மிச்சமிருந்த பாலைச் சொம்பில் ஊற்றி, இரண்டு பக்கத் துணியையும் நன்றாகத் திறந்துவிட்டுப் பற்ற வைத்தாள். பால் நுரைத்து எழும்பி, சொம்பின் விளிம்பைத் தாண்டி மண்ணில் வழிந்தது. எதுவும் பொசுங்கவில்லை.

"கெழக்கப் பாத்துப் பொங்கிச்சு, நல்ல சகுனம்" என்றாள் கலியம்மாள் திருப்தியாக.

"தர அந்தப் பக்கம் சாய்வுக்கா" என்றாள் கல்பனா. ஆனால் சிரித்துவிட்டாள். அரிகரன் கூடாரத்தை அவிழ்த்துச் சுருட்டி, தன் பையில் எல்லாவற்றுக்கும் அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் சத்தமில்லை. கல்பனா சீட் கவர் தைத்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி தைத்தாள். ஒரு மத்தியானம் போன் அடுத்தடுத்து நாலு தடவை துடித்தது. முதலில் ஒரு படம். பக்கத் துணியின் பாதி வரை பனி ஏறி நிற்க, அதற்குள் தென்றல் நிமிர்ந்து நின்றது. வாசல் கூரைக்குக் கீழே அடுப்பு, அதன் மேல் ஒரு பாத்திரம். படத்துக்குக் கீழே அரிகரன் எழுதியிருந்தார்: 'மூணு நாள் பனிப்புயல். அசையல. இப்பதான் கீழ இறங்கினேன். இனிமே என் டென்ட் எல்லாம் நீங்கதான் தைக்கிறீங்க. பவுடர் பால்தான், ஆனா பொங்கிச்சு. கலியம்மா அக்காகிட்ட சொல்லுங்க.'

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் போனைச் சுற்றி முட்டிக்கொண்டு நின்றார்கள். கல்பனாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை, பதில் அடித்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்கிறாளாக்கும் என்று கலியம்மாள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

'எந்தப் பக்கம் பொங்குச்சு சார்?' என்று எழுதியிருந்தாள் கல்பனா.