ஆதாரம் இணைக்கவும்

பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்கள் அவளை "வலிக்காத அக்கா" என்பார்கள். ஊசி இறங்கியது தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாள். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள்கூட, காத்திருந்தாலும் பரவாயில்லை, அந்த அக்காவிடம்தான் கை நீட்டுவோம் என்று அடம்பிடிப்பார்கள். எடுத்து முடித்ததும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "எப்படிம்மா இருக்கு?" அவளிடமும் ஒரே பதில்தான்: "டாக்டர் சொல்லுவாரு." சொல்லிச் சொல்லி அந்தப் பதில் அவளுக்கே கசந்துவிட்டது. அதைச் சொல்கிற டாக்டராக நாமே ஆனால் என்ன என்று இருபத்தேழு வயதில் ஓர் ஆசை வந்தது. ஆசை என்ன வயசு பார்த்தா வருகிறது?

ஆசை வந்த வழியில் மதிப்பெண் பட்டியல் குறுக்கே படுத்திருந்தது. பட்டப்படிப்பில் அவளுடைய சராசரி ஐம்பத்தாறு. பட்டம் முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்கிற மருத்துவக் கல்லூரியில், அறுபத்தைந்துக்குக் குறைந்தால் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்கமாட்டார்கள். இரண்டாம் வருஷத்து ஆறு பாடங்கள்தான் குழி பறித்திருந்தன. அவற்றை மறுபடியும் படித்து எழுதலாம் என்று விதி இருந்தது. ஆகவே மூன்று வருஷமாகப் பகலில் ரத்தம், மாலையில் கரிம வேதியியல். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே கடைசி வரிசையில் உட்கார்ந்து, கண் சொருகும்போதெல்லாம் பேனா முனையால் உள்ளங்கையில் குத்திக்கொள்வாள். ஒருநாள் பக்கத்தில் இருந்த பெண் வெகு மரியாதையாக, "ஆன்ட்டி, உங்க நோட்ஸ் கொஞ்சம் தர்றீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு வகுப்பு முடியும்வரை தூக்கமே வரவில்லை.

அலுப்பு உடம்போடு நின்றிருந்தால் சமாளித்திருப்பாள். அப்பாவைப் பார்க்கும்போது வருகிற அலுப்புதான் தாங்கவில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு அப்பா தினமும் கூடவே வருவார். நெஞ்சில் ஆபரேஷன் ஆன மனுஷன், மப்ளரைச் சுற்றிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபடியே நடப்பார். அவள் ஒருநாளும் கொடுத்ததில்லை. "வராதீங்கப்பா" என்றால், "எனக்கும் நடந்த மாதிரி இருக்கும்ல" என்பார். அப்பா எதற்காக இப்படி நடக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள்.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இரண்டாம் வருஷ முடிவு வந்த அன்று, அப்பா நெஞ்சில் தையலோடு கட்டிலில் கிடந்தார். பட்டியலைப் பார்த்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "பாவம், அப்பா நெனப்புலயே எழுதியிருக்கா" என்றாள். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அம்மா அதை அத்தையிடம் சொன்னாள், அத்தை சித்தியிடம் சொன்னாள், கடைசியில் உறவு முழுக்க, "அவருக்கு மட்டும் உடம்புக்கு வராம இருந்திருந்தா அவ எப்பவோ எங்கயோ போயிருப்பா" என்று பேச ஆரம்பித்துவிட்டது. அப்பா அதைக் கேட்டபடி பேசாமல் உட்கார்ந்திருப்பார். உண்மையில் அந்த வருஷம் அவள் வகுப்புக்கே போகவில்லை. பாடம் புரியவில்லை, புரியவில்லை என்று சொல்ல வெட்கம், விடுதி அறையில் பகல் பன்னிரண்டு மணிவரை போர்வைக்குள் கிடந்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் புளுகு வாயையே திறக்காமல் பதினோரு வருஷம் ஓடியிருக்கிறது. போகப் போக அவளே பாதி நம்பிவிட்டாள்.

போன மாதம் சராசரி ஒருவழியாக அறுபத்தைந்தரையைத் தொட்டது. மயிரிழையில் தப்பித்தவள், அவ்வளவுதான். பழைய மதிப்பெண்களும் பட்டியலில் அப்படியே நிற்கும். விண்ணப்பத்தில் ஒரு பக்கம் இருந்தது: முன்பு மதிப்பெண் குறைந்ததற்கான காரணம். கீழே, ஆதாரம் இணைக்கவும். கல்லூரி ஆலோசகர் அம்மாள் அந்தப் பக்கத்தைத் தட்டிக்காட்டினார்.

"உங்க மார்க்குக்கு எல்லாமே இந்தப் பக்கத்துலதான் இருக்கு. வீட்டுல யாருக்காவது அப்ப பெரிய வியாதி ஏதாவது?"

"அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன்."

"அடடா, அப்புறம் என்ன? டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தா வைங்க. தைரியமா அனுப்பலாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா அசந்து தூங்கியபிறகு, விண்ணப்பத்தோடு வைக்க டிஸ்சார்ஜ் சீட்டு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தின் ஆவண அறையில் எழுத்தராக இருந்தவர். வீட்டில் காஸ் ரசீதுக்குக்கூட ஒரு கோப்பு உண்டு. எழுந்து போய் இரண்டே நிமிடத்தில் திரும்பினார். கையில் இரண்டு தாள்கள். ஒன்று டிஸ்சார்ஜ் சீட்டு. மற்றது அவளுடைய இரண்டாம் வருஷத்து மதிப்பெண் பட்டியல். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வைக்கலாம். ஆனா தேதி இடிக்குமேம்மா" என்றார்.

அவள் பார்த்தாள். கடைசிப் பரீட்சை, ஏப்ரல் இருபத்தாறு. மருத்துவமனையில் சேர்த்தது, மே பதினெட்டு. பரீட்சை எழுதும்போது அப்பா கல்லுக்குண்டு மாதிரி இருந்திருக்கிறார். அவள் விடுதியில் இருந்ததால், பரீட்சை என்றைக்கு முடிந்தது என்று அம்மாவுக்கோ உறவுக்கோ தெரியாமலே போயிருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குச் சோறு தீர்ந்துபோனது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மார்க் ஷீட்டு வந்தப்பவே. நான்தானே ஃபைல் பண்ணேன்."

"ஏம்ப்பா சொல்லல? ஊரே உங்களச் சொல்லிச்சே."

"நீ அப்ப இருந்த இருப்பு எனக்குத் தெரியாதா? யாராவது ஒரு வார்த்த கேட்டிருந்தா படிப்ப அப்படியே போட்டுட்டுப் போயிருப்ப." அப்பா சீட்டை மடித்தார். "நானும் சும்மா படுத்துத்தானே கெடந்தேன். இதயாவது தாங்குவோம்னு விட்டுட்டேன்."

தன்னால் மகள் படிப்பு கெட்டது என்ற பாரத்தில்தான் அப்பா விடியற்காலையில் நடக்கிறார் என்று மூன்று வருஷமாக அவள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பாரமே அவரிடம் இல்லை. மகள் பஸ் ஏறுவதைப் பார்க்கப் பிடித்திருந்தது, நடந்திருக்கிறார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

"இத எழுதாம விட்டா எடம் கெடைக்காதுப்பா."

"கெடைக்காமலும் போகலாம்" என்றார் அப்பா. பொய்யாக ஓர் ஆறுதல்கூடச் சொல்லவில்லை. "நீ என்ன எழுதினாலும் சரி. சீட்டு வேணும்னா எடுத்துக்கோ."

மடித்த சீட்டை மேஜை மேலேயே விட்டுவிட்டு டீ போடப் போனார்.

அவள் அந்தச் சீட்டை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவைத்தாள். பிறகு விண்ணப்பத்தை இழுத்து எழுதினாள்: "இரண்டாம் ஆண்டில் பாடம் எனக்குப் புரியவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். வேறு காரணம் இல்லை. அதே பாடங்களை இப்போது வேலை பார்த்துக்கொண்டே படித்துத் தேறியிருக்கிறேன்." இன்னும் ஏதாவது சேர்க்கலாமா என்று யோசித்தாள். கை ஓய்ந்துபோயிருந்தது. விட்டுவிட்டாள்.

டீயோடு வந்த அப்பா படித்துப் பார்த்தார். "ஆதாரம் கேட்டிருக்கானே?"

"வகுப்புக்குப் போகாததுக்கு என்னப்பா ஆதாரம் இருக்கு?"

"வருகைப் பதிவேடு காலேஜ்ல இருக்கும். அதெல்லாம் அழிக்க மாட்டாங்க" என்றார் பழைய எழுத்தர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவளுக்குத்தான் அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் விடியுமுன் தெருவில் இறங்கியபோது, விண்ணப்ப உறை அவள் தோள்பையில் இருந்தது. இடம் கிடைக்குமா என்று நினைக்கக்கூடத் தெம்பில்லை. தூக்கம் கண்ணைக் கட்டியது. அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு, வழக்கம்போல் கையை நீட்டியபடி பக்கத்தில் நடந்தார்.

அவள் சாப்பாட்டுப் பையை அந்தக் கையில் கொடுத்தாள்.