கருப்பாயியின் முட்டிவலி

மலாயாவில், பெம்பானுக்கு அடுத்த ரப்பர் தோட்டத்தில், முள்வேலிக் கேட்டில் வைத்துக் கருப்பாயியைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். முந்தானை முடிச்சில் கைநிறைய ஆஸ்பிரின் மாத்திரை. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்கு மருந்து கடத்துகிறாளோ என்று காவலுக்கு நின்றவர்களுக்குச் சந்தேகம். அவசரகாலத்தில் ஆளை உள்ளே தள்ள அது போதும்.

சேதி கேட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஜானகி விறுவிறுவென்று வந்தாள்.

"வாயும் வயிறுமா இருக்கிறவங்க காட்டுக்குள்ள ஓடுவாங்களா? முட்டி எப்படி வீங்கியிருக்கு பாருங்க. இவங்களுக்கு நான் பொறுப்புலா."

அந்தக் குரலை மீறக் காவலர்களுக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டார்கள்.

"தினம் நாலஞ்சு போட்டாத்தான் மிஸ்ஸி, மேட்டுல நின்னு பால் வெட்ட முடியுது" என்றாள் கருப்பாயி, நடந்துகொண்டே.

ஜானகி சட்டென்று நின்றாள். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் டாக்டர் தம்புசாமி வளர்த்த வெள்ளெலிகளுக்குத் தீனி வைப்பவள் அவள்தான். சோதித்துப் பார்க்கவென்று, சினை எலிகளில் சிலவற்றுக்கு அதே மருந்தை அவர் தீனியில் கலந்து கொடுத்திருந்தார். மருந்து தின்ற எலிகள் நாள் தள்ளி, திணறித்தான் ஈன்றன. குட்டிகள் குறைவு, சோனி. தின்னாத எலிகளின் கூண்டில் குட்டிகள் கொழுகொழுவென்று நெளிந்தன.

கருப்பாயியை நேரே டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"எலிக்கு ஆனது மனுஷிக்கும் ஆகும்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. நான் கொடுத்த அளவும் ஜாஸ்தி" என்றார் அவர். "ஆனா ஆகாதுன்னும் யாருக்கும் தெரியாது. இனிமே என்னைக் கேக்காம ஒண்ணுகூடப் போடாதே."

"அப்ப என் வலிக்கு?"

அதற்கு ஒரு வழி பண்ண, தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணி சாமிக்கண்ணுவை ஜானகி தேடிப் போனாள். கருப்பாயிக்கு ஸ்டோரில் உட்கார்ந்து ரப்பர் ஷீட் பிரிக்கும் வேலை வேண்டும் என்றாள்.

"பால் வெட்டுக்கே ஆள் பத்தல, மிஸ்ஸி."

"மேட்டுல உருண்டு விழுந்தா இருக்கிற ஆளும் போயிடும். தொரைகிட்ட நானே பேசவா?"

கிராணி தலையைச் சொறிந்தார். மறுநாளே வேலை மாறியது.

வலி அப்படியொன்றும் ஓடிப்போகவில்லை. ஒருநாள் கருப்பாயி ஒரே ஒரு மாத்திரை கேட்டு அழுதாள். ஜானகி வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தைமாதம் பெண் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுத சத்தம் வராந்தாவரை கேட்டது. கருப்பாயியின் புருஷன் இருளாண்டி கும்பிட்டான்.

"மாத்திரைய நிறுத்தினதாலதானே மிஸ்ஸி?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே" என்றாள் ஜானகி சிரித்தபடி. "ஆனா அடுத்த தடவையும் நிறுத்தத்தான் சொல்வேன்."