நனையாத துணி

அய்யாவு கத்தியைத் திரையின் ஓரத்தில் குத்திவிட்டு ஒரு கணம் நின்றான். மலாயாவில், சுங்கை பட்டாணியிலேயே பெரிய படக்கொட்டகை அது. ஆளில்லாத காலை நேரத்தில் அதன் உயரம் இன்னும் கூடிவிட்டது போலிருந்தது. மாலையில், ஊரைப் பிடித்து ஆளும் ஜப்பான்காரர்களின் படம். திரையில் பொட்டு அழுக்கு இருந்தாலே கன்னத்தில் அறைகிற அதிகாரி, இதற்கு என்ன செய்வான் என்று அய்யாவு யோசிக்க விரும்பவில்லை.

அவன் தங்கை செல்லாயி விடியலில் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள். புருஷனை முன்பே பறிகொடுத்தவள். பிறந்த வீட்டுக் கோடியை அண்ணன்தான் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். தண்ணீரில் ஒருமுறைகூட நனையாத துணிதான் கோடி. கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போகிற இந்தச் சண்டைக் காலத்தில் அதற்கு எங்கே போவது? கடை கடையாக அலைந்து, வெறுங்கையோடு கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தவனுக்கு, தினமும் தான் தூசி தட்டுகிற திரை கண்ணில் பட்டது.

சண்டைக்கு முன்பு ஒரே ஒருமுறை செல்லாயி இங்கே வந்திருக்கிறாள். கடல் பொங்கிக் கப்பல் கவிழ்கிற படம். கால் நனைந்துவிடும் என்று பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். படம் முடிந்ததும் ஓடிவந்து திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

“அம்மாம் பெரிய கடலு வந்துச்சு, கொஞ்சங்கூட நனையலையேண்ணே!”

பாவி மகள், அதைவிடப் பெரிதாக எதையும் பார்க்காமலே போய்விட்டாள். அய்யாவு கத்தியை இழுத்தான். திரையின் அடிப்பகுதி நீளவாக்கில் கிழிந்து அவன் கைமேல் விழுந்தது.

துணியை வயிற்றில் சுற்றி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு, பாலத்தில் நின்ற ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்து கும்பிடு போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தான்.

லயத்து வாசலில் பெண்கள் சாக்கைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அய்யாவு துணியை உதறி விரித்தான். அவ்வளவு வெள்ளையை அவர்கள் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஊசிகள் அப்படியே நின்றன.

செல்லாயியின் மாமியார் பிச்சையம்மாள் மட்டும் கிட்டே வந்தாள்.

“தம்பி, பளசெல்லாம் கோடியாவாதுப்பா. இது தண்ணி பட்ட துணியா?”

“கடலே வந்துட்டுப் போயிருக்கு அத்தே. ஒரு சொட்டு படல.”

கிழவிக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு துணியின் ஓரத்தைத் தொட்டாள்.

“இதுலயா ராசா, கடலு கப்பலு எல்லாம் வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா?”

“இதுலதான் அத்தே.”

“ஜப்பான்காரன் கேட்டா என்னய்யா செய்வ?”

அவன் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டான். பிச்சையம்மாளும் திரும்பக் கேட்காமல், மஞ்சளை இழைத்து வந்து நாலு மூலையிலும் தடவினாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். உடம்பு வற்றிப்போன செல்லாயி அந்தத் துணிக்குள் மகாராணி மாதிரி படுத்திருந்தாள். அய்யாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மாலையில், குழி மண் ஒட்டிய கால்களோடு அவன் கொட்டகைக் கதவோரம் நின்றான். விளக்கு அணைந்தது. திரையில் பட்டாளம் அணிவகுத்து வந்தது. தொப்பி இருந்தது, துப்பாக்கி இருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

முன்வரிசையில் அதிகாரி மெல்ல எழுந்து திரும்பினான்.

அய்யாவு அவனைப் பார்க்கவில்லை. திரையில் இன்னும் அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள், வரிசை வரிசையாக, தரையில் கால் படாமல்.