உவரி வரைக்கும்

...விடக்கூடாது, இப்போதைக்கு அது ஒன்றுதான், அமுக்கு, விடு, நீயும் ஒரு மூச்சு இழுத்து விட்டுக்கொள், மறுபடி அமுக்கு... மூச்சு கொடுக்கிற ரப்பர் பை ஹனீனின் உள்ளங்கைக்குள் சுருங்குகிறது, ஸ்ட்ரெச்சரில் கிடக்கிற கஸ்பாரின் நெஞ்சு ஏறுகிறது, கையைத் தளர்த்தினால் இறங்குகிறது, மூன்றடைப்பு ஊரைத் தாண்டியாச்சா இல்லையா, ஆம்புலன்ஸ் ஜன்னலுக்கு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டித் தொலைத்திருக்கிறார்கள், ஒரு பனைமரம்கூடத் தெரியவில்லை. டிரைவர் பெருமாள்ராஜ் அண்ணனிடம் கேட்கலாம், கேட்டால் "வந்துட்டும்மா" என்பார், வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதிலிருந்து அவருக்கு எல்லா ஊரும் வந்துவிட்ட ஊர்தான். சட்டைப் பைக்குள் போன் மறுபடியும் அதிர்கிறது. எடுக்க ஏது கை? பார்க்காமலே தெரியும், எப்சி ஆரம்பித்து வைத்ததுதான், காலேஜ் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி, காலையிலேயே குரூப்பில் போட்டுவிட்டாள், ஏய் பிள்ளைகளா, நாம நர்ஸாகி இன்னையோட ஒரு வருசம், என்ன படிச்சோம்னு ஆளுக்கு ஒரு வரி போடுங்க... ஸ்ரீலக்ஷ்மி உடனே போட்டாள், நின்னுக்கிட்டே சாப்பிட. இன்னொருத்தி, அழுகதுக்கு துணி அடுக்குற ரூம்தான் தோது, உள்ள தாப்பா உண்டு. ஒரே சிரிப்பு பொம்மைகள். ஹனீனும் ஒரு வரி யோசித்துக்கொண்டுதான் இருந்தாள், அதற்குள் இன்சார்ஜ் சிஸ்டர் வந்து, ஹனீன், நீ வண்டில ஏறு, உவரிக்குப் போகணும் என்றார். ஏன் நான் என்று கேட்க முடியுமா? சின்னவள்தான் ஏற வேண்டும், அது எழுதாத சட்டம். தனக்குப் பின்னால் சேர்ந்தவள் ஒருத்தியாவது தங்கியிருக்கக் கூடாதா, வருகிறவள் எல்லாம் ஒன்றிரண்டு மாசத்தில் ஓடிவிடுகிறாள், ஒரு வருஷமாக இவள்தான் சின்னவள், இன்னும் எத்தனை வருஷத்துக்கோ.

அமுக்கு, விடு. கடிகாரத்தைப் பாக்காத, உன் மூச்சைப் பாரு, நீ ஒண்ணு விட்டா அவருக்கு ஒண்ணு கொடு... அந்தப் பாடத்தைச் சொல்லித் தந்ததும் இன்சார்ஜ் சிஸ்டர்தான். அன்றைக்குச் சுலபமாகத்தான் இருந்தது. இப்போது பெருமூச்சு விடக்கூடப் பயமாக இருக்கிறது, இவள் பெருமூச்சு விட்டால் அவருக்குப் பிந்தும், தும்மல் வந்தால் என்ன செய்வது, இரண்டு ஆட்டை ஒரே கயிற்றில் கட்டியது மாதிரி ஆகிவிட்டது. கடலுக்குப் போய்க் கரையேறின மனுஷன், வலையைத் தூக்கும்போது விழுந்திருக்கிறார், மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது, டாக்டர் கையை விரித்துவிட்டார், மிஷினை எடுத்தால் மூச்சு நிற்கும், எடுக்காவிட்டாலும் ரொம்ப நேரம் இல்லை. அப்போது அவர் பொஞ்சாதி செலஸ்தீனாம்மா, இதோ புருஷனின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாளே இவள்தான், ஒன்றே ஒன்று கேட்டாள், வீடு வரைக்கும் மூச்சோட கொண்டாந்து தருவியளா? வேறு வைத்தியம் வேண்டாம், நெஞ்சைப் போட்டு இடிக்க வேண்டாம், கையெழுத்துப் போட்டாயிற்று, மூச்சு மட்டும், உவரி வரைக்கும். மூச்சு மட்டுமாம்! ஏதோ தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுக்கிற சாம்பார் மாதிரி. ஏன் அந்த வைராக்கியம் என்று ஹனீனுக்கு முதலில் புரியவில்லை, மேலப்பாளையத்து முஸ்லிம் பிள்ளைக்கு உவரிக் கிறிஸ்தவ வழக்கம் எப்படித் தெரியும், வண்டி கிளம்பின பிறகு செலஸ்தீனாம்மாதான் சொன்னாள், "வீட்ல சாமியார் காத்துக்கிட்டு இருக்காவ சிஸ்டர், அவஸ்தை கொடுக்கணும்லா. உயிரு இருக்கும்போதுதான் எண்ணெய் பூசி செபம் சொல்லுவாவ, போனப்புறம் கிடையாது. ஆஸ்பத்திரிக்கே ஒரு சாமியார் வாரேன்னாவ, நான்தான் வேண்டாம்னுட்டேன். அவஸ்தை கொடுத்துட்டா ஆளு போயிருவாவளோன்னு பயம். பாவி நான், என்ன காரியம் செஞ்சிட்டேன்!" அதைக் கேட்டதிலிருந்து பை கனக்கிறது.

நாங்குநேரியில் நாலுவழிச் சாலையை விட்டு இறங்கியது குலுக்கலிலேயே தெரிந்தது, அப்புறம் ஒரு பள்ளம், எல்லோரும் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார்கள், கஸ்பாரின் விரலில் மாட்டியிருந்த நாடி பார்க்கிற கிளிப்பில் எண் அழிந்து வெறும் கோடாக நின்றது. கிளிப் நழுவியிருக்கும். விரல் சில்லிட்டிருந்தால் பிடிக்காது, தெரிந்ததுதானே. சரியாக மாட்டினாள், கோடுதான். வலது கை அமுக்க, இடது கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்... இல்லை. கொஞ்சம் தள்ளி... இல்லை. இதோ இருக்கிறதே, ஐயோ, இது இவள் விரலே துடிக்கிற துடிப்பு. பொறு, வண்டி ஆடுகிறது, பதறாதே, திரும்பப் பார். இல்லை. போய்விட்டார். ஆனால் கை நின்றதா? கை பாட்டுக்கு அமுக்கியது, நெஞ்சு பாட்டுக்கு ஏறியது. "மூச்சு இருக்குல்லா சிஸ்டர்?" செலஸ்தீனாம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "இருக்கும்மா" என்று வாய் சொல்லிவிட்டது. பொய்யா? மூச்சு இருக்கத்தானே செய்கிறது, யாருடைய மூச்சு என்று அவள் கேட்கவில்லையே... சீ, என்ன வக்கீல் புத்தி இது.

சொல்லிவிடலாம். இப்போதே, அம்மா, ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தால் போதும். ஆனால் சொல்ல நீ யார்? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பெண்கள் வார்டில் ஒரு அம்மாள் அடங்கிப் போனாள், மகள்காரி கையைப் பிடித்துக்கொண்டு என்ன சிஸ்டர், என்ன சிஸ்டர் என்று கேட்டாள், ஹனீன் மனசு கேட்காமல், அம்மா போயிட்டாங்க அக்கா என்று சொல்லிவிட்டாள். டாக்டர் வந்து பார்ப்பதற்குள் வார்டே அலறி, சொந்தக்காரர்கள் கதவை உடைக்க வந்து... எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துப் பேசினார் இன்சார்ஜ் சிஸ்டர், "நாடி இல்லன்னா எழுது, டாக்டரைக் கூப்பிடு, நில்லு. செத்துட்டாவன்னு சொல்ல நமக்கு வாயி கிடையாது, அது டாக்டர் வாயி, வெளங்குதா?" விளங்கிவிட்டது. அதற்கப்புறம் எத்தனை பேர் இவள் கைக்குள்ளேயே போனார்கள், எத்தனை பேர் முகத்தைத் துடைத்துத் தாடையைக் கட்டினாள், ஒரு தடவையாவது சொல்லியிருப்பாளா? டாக்டர் வாராவ, இந்தா வந்துட்டாவ, அவ்வளவுதான் இவள் வாயில். எப்சிக்கு அதையே போட்டிருக்கலாம், ஒரு வருசத்துல படிச்சது, டாக்டர் வாராவன்னு சொல்ல. இந்த வண்டியில் எந்த டாக்டர் வருவார்? போன் செய்து கேட்கலாம், போனை எடுக்கக் கை வேண்டும், கை எடுத்தால் மூச்சு நிற்கும், பெருமாள்ராஜ் அண்ணனைப் பேசச் சொன்னால் நாடி இல்லை என்று கத்திச் சொல்ல வேண்டும், செலஸ்தீனாம்மா காதுபடவா? நிறுத்தவும் முடியாது, சொல்லவும் முடியாது, இறங்கி ஓடவும் முடியாது. ஒரு வருஷமாக இப்படியே ஏதோ ஒரு வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

வாப்பாவுக்கு யார் இருந்தார்கள்? இவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது சவூதியில், தம்மாமில், ரூமிலேயே நெஞ்சுவலி, கூடத் தங்கியிருந்த யாசர் காக்கா, காயல்பட்டினத்துக்காரர், போன் போட்டு உம்மாவிடம் சொன்னார், "நான் பக்கத்துலயேதான் இருந்தேன், கலிமா சொல்லித்தான் மவுத்தானாவ, மொகம் அவ்வளவு தெளிவா இருந்திச்சு." அல்லாஹ்வின் பேரை நாவில் வைத்தபடி உயிர் பிரிந்ததென்ற அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் உம்மா எழுந்து உட்கார்ந்தாள். சித்தி ஜனாபா இன்றைக்கும் யார் வீட்டுக்கு வந்தாலும் அதைச் சொல்லாமல் தேத்தண்ணி கொடுப்பதில்லை, கலிமா சொல்லித்தான் போனாவளாம் என்று. நெஞ்சுவலி வந்தவர்களைப் பார்க்கத் தொடங்கின பிறகுதான் ஹனீனுக்கு உறுத்த ஆரம்பித்தது, எத்தனை பேரால் அந்த நேரத்தில் ஒரு சொல் சொல்ல முடிகிறது? வாய் கோணி, வேர்த்து, மூச்சுக்கு அலைந்து... ஊருக்கு வரும்போது யாசர் காக்காவிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறாள், நெசமாவே சொன்னாவளா காக்கா என்று. அமுக்கு, விடு. வாப்பாவை இப்போது ஏன் நினைக்கிறாய், நினைத்தால் மூச்சு தடுமாறுகிறது பார், அவருக்குப் பிந்துகிறது பார்... பிந்தினால் என்ன? யாருக்குப் பிந்துகிறது?

கதவு திறந்ததும் வெளிச்சமும் உப்புக்காற்றும் ஒன்றாக அடித்தன, சனம் தெரு அடைத்து நின்றது, நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்க, ஹனீன் பையை விடாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தாள், "வழி விடுங்கலே, சிஸ்டர் கை விட்றக்கூடாது" என்று ஒருவர் கத்தினார். நடுவீட்டில் மாதா படத்துக்குக் கீழே கட்டில். வெள்ளை அங்கியில் சாமியார், இளவயதுக்காரர், இவளைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கும், எண்ணெய்ச் சிமிழைத் திறந்தவர் கஸ்பாரின் முகத்தைப் பார்த்தார், கிளிப்பைப் பார்த்தார், பிறகு குனிந்து இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உயிர் இருக்காம்மா?" என்றார். ஹனீன் பையை ஒரு தடவை அமுக்கினாள். "தெரியல சாமி... அதை நாங்க சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும்." அவர் சிமிழில் விரலைத் தொட்டுக்கொண்டார். "அப்போ சந்தேகம்தான். சந்தேகம்னா கொடுக்கலாம்" என்று நெற்றியில் விரலை வைத்தார். எந்த வாய்ப்பூட்டு இந்த ஒரு வருஷமாக இவள் கழுத்தை நெரித்ததோ, அது இந்த மனுஷனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் வாங்கித் தந்தது. நெற்றியில் சிலுவை, கைகளில் சிலுவை, செபம் நீண்டது, ஹனீன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு கொடுத்தாள், ஒன்றுகூடப் பிந்தவில்லை. முடிந்தது. ஆமென் சொன்னார்கள். அப்புறம்?

அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது போதும் என்பார்கள் என்று இவள் பார்த்தாள், சாமியாரைப் பார்த்தாள், வாசலில் நின்ற பெருமாள்ராஜ் அண்ணனைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். எல்லோரும் இவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவள் சொல்வாள் என்று. அட ஆண்டவனே, இந்த வீட்டில் வாய் இருக்கிற ஒரே ஆள் நான்தானா? கை நின்றது, தானாகத்தான் நின்றது, நெஞ்சு இறங்கியது, ஏறவில்லை. "போயிட்டாவம்மா" என்றாள் ஹனீன், தன் குரல்தானா அது, அவ்வளவு சாதாரணமாக. வீடு ஓவென்று எழுந்தது. செலஸ்தீனாம்மா மட்டும் அழவில்லை, எட்டி இவள் மணிக்கட்டைப் பிடித்தாள், வலிக்கப் பிடித்தாள், "எண்ணெய் பூசும்போது இருந்தாவல்லா சிஸ்டர்? நீங்க கூடவே இருந்திய, உங்களுக்குத்தான் தெரியும்." அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்ல? "இருந்தாவம்மா. செபம் முடிஞ்சப்புறம்தான் போனாவ. மொகத்தப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு." சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, யாசர் காக்கா உம்மாவிடம் போனில் சொன்ன அதே சொல்.

திரும்பி வரும்போது முன்சீட்டில் உட்கார்ந்தாள், தேரி மணல்மேடுகளின் செம்மண் இரண்டு பக்கமும் ஓடியது, பெருமாள்ராஜ் அண்ணன் "தண்ணி குடிம்மா" என்று பாட்டிலை நீட்டினார், வாங்க முடியவில்லை, மடியில் கிடந்த கை சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. மறுகையால் போனை எடுத்தாள், குரூப்பில் எப்சி, ஏட்டி ஹனீன், நீ மட்டும்தான் பாக்கி, ஒரு வரி போடு. என்ன போட? போடலாம், யோசித்தால் வரும். யாசர் காக்கா நோன்புக்கு ஊருக்கு வருகிறாராம், போன வாரம்தான் உம்மா சொன்னாள், அவரிடம் கேட்க வேண்டியதை எத்தனை நாளாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள்... திசையன்விளை பஸ் ஸ்டாண்டு தெரியும்போதுதான் உறைத்தது, இனிமேல் அவரிடம் அதைக் கேட்கவே முடியாது.