பெரியவன் மாற்றிய ஒயர்

மூத்த மகன் டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் ஒயர் விற்றுப் பிழைக்கிறவன். "டிவில என்னங்க இருக்கு, எல்லாம் ஒயர்லதான் இருக்கு" என்று கடையில் வாய் கூசாமல் அளப்பான். அதில் பாதி புளுகு என்று அவனுக்கே தெரியும். இந்தக் காலத்து ஒயரில் படம் வந்தால் முழுசாக வரும். ஒயர் மோசமென்றால் விட்டு விட்டு வரும், இல்லை அணைந்தே போகும். முகம் கலங்கலாகத் தெரிவது அனுப்புகிற இடத்துச் சமாசாரம்.

அன்று வீட்டு டிவியில் ஓடிக்கொண்டிருந்தது அவன் தம்பியின் இறுதிச்சடங்கு. கடல் கடந்து வேலைக்குப் போனவன், ஒரே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டான். அம்மாவால் விமானம் ஏற முடியாது. பெட்டியை மூடுமுன் பிள்ளை முகத்தை ஒருதடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அங்கே யாரோ ஃபோனில் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டம், பூ, நடுவே பெட்டி. எல்லாமே கலங்கல்.

"சின்னவன் முகம் சரியாத் தெரியலையேடா," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தபடி.

பாழாய்ப்போன கை சும்மா இருக்குமா? தம்பிக்கென்று செய்ய வேறு என்னதான் இருந்தது அவனுக்கு? கடையிலேயே உசத்தியான ஒயர் பையில் கிடந்தது. "ஒரு நிமிஷம்மா, பளிச்சுனு ஆக்கிடறேன்" என்று பழையதைப் பிடுங்கினான்.

டிவி சுவரோடு ஒட்டி மாட்டியது. புது ஒயரின் தடித்த தலை அந்த இடுக்கில் நுழைய மாட்டேன் என்றது. திருப்பினான், வளைத்தான், விரல் கிழிந்தது. "ஐயோ, படம் போச்சுடா, சத்தமும் போச்சுடா!" என்று அம்மா கத்தினாள். பழையதையே சொருகலாம் என்று தடவினால், அது அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.

ஒருவழியாகப் புதியது நுழைந்தது. அதே கலங்கல். யாரோ பெட்டி மூடியின் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"மூடிட்டாங்களாடா?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். பாவி, தெரிந்திருந்தும் செய்தானே!

சற்று நேரத்தில் தம்பி மனைவி ஃபோனில் அழைத்தாள். "அத்தை, அவர் முகத்தப் பாத்தீங்களா? உங்களுக்காகத்தான் ஃபோனக் கிட்ட கொண்டுபோய் ரொம்ப நேரம் காட்டச் சொன்னேன்."

அம்மா நிமிர்ந்து மூத்தவனைப் பார்த்தாள். அவன் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"பாத்தேன்மா, நல்லாப் பாத்தேன். பெரியவன் புது ஒயர் போட்டுக் குடுத்தான். என் புள்ள முகம் பளிச்சுனு தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு, தன் அழுகை அங்கே கேட்டுவிடாமல் இருக்க, ஃபோனை அவன் கையில் கொடுத்தாள்.